மேற்கே சென்ற போதகர்



பிறருக்கு வழிகாட்டப் புறப்படுகிறவனுக்கு வழிகாட்டுவது யார்? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, நாம் அனைவரும் அறிந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவோம்.

சிகாகோ சர்வசமயப் பேரவைக்குப் பின் சுவாமி விவேகானந்தர் அமெரிக்காவின் பல ஊர்களில் சொற்பொழிவாற்றிச் சுற்றி வந்தார். மேற்குப் பகுதி ஊர் ஒன்றில், ‘உண்மையை உணர்ந்தவன் வெளியே நிகழும் எதனாலும் கலங்கமாட்டான்’ என்ற கருத்தை விளக்கினார். கேட்டிருந்தவர்களில் மாட்டு மந்தைகளை ஓட்டும் முரட்டு இளைஞர் சிலர் இருந்தனர். ‘இதைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதான்’ என்று முடிவு செய்து, அவரைத் தங்கள் இடத்திற்கு அழைத்தனர். ஒரு மரத்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ‘இதுதான் மேடை’ என்றனர். சுவாமிஜி அதில் ஏறி நின்று பேசத் தொடங்கினார். சற்று நேரத்தில் அவருடைய தலையை ஒட்டித் துப்பாக்கிக் குண்டுகள் சீறிச் சென்றன. பேச்சு நிற்கவில்லை. குரல் நடுங்கவில்லை. முடிந்ததும் இளைஞர்கள் ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டு பாராட்டினர் என்று வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

இதைக் கேட்டு நாம் சிரிக்கிறோம், பெருமைப்படுகிறோம். ஆனால் அதே சுவாமிஜி 1893 ஜூலை இறுதியில் சிகாகோவில் வந்து இறங்கியபோது இருந்த நிலையை எண்ணிப் பாருங்கள். குளிருக்கேற்ற உடை இல்லை. பேரவைக்குப் பிரதிநிதியாக வர அறிமுகக் கடிதம் வேண்டும் என்பதை அவரும் அறியார்; வீடு வீடாகச் சென்று பணம் திரட்டி அனுப்பிய சென்னை அன்பர்களும் அறியார். பேரவை செப்டம்பரில்தான் கூடும் என்பதே அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பேரவை தொடங்குவதற்குச் சற்று முன் குழுவினரின் முகவரியையும் தொலைத்துவிட்டு, சரக்கு ரயில் நிலையத்தில் ஒரு பெட்டிக்குள் இரவைக் கழித்தார். உலக நடைமுறை அறிந்தவர்கள் இதைப் பேதைமை என்பார்கள். பக்தர்களோ குழந்தையுள்ளம் என்பார்கள். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு என்ன? அதைத்தான் இன்று சிந்திக்கப் போகிறோம்.

எல்லைப்புறம்

சுவாமிஜி வந்து சேர்வதற்குச் சில வாரங்கள் முன்பு, அதே சிகாகோ நகரில், அதே உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த வரலாற்றறிஞர் மாநாட்டில், பிரெடரிக் ஜாக்சன் டர்னர் என்னும் இளம் பேராசிரியர் ஒரு கட்டுரை படித்தார். நாள் 1893 ஜூலை 12. ‘குடியேற்றம் முடிந்து காடு தொடங்கும் எல்லைக்கோடு மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டே வந்தது, அதுவே அமெரிக்கரின் இயல்பை உருவாக்கியது, 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தக் கோடு மறைந்துவிட்டது’ என்பது அதன் சாரம்.

அந்தக் காடு ஆளற்ற காடு அன்று. பூர்வகுடி மக்களின் தாய்நிலம். அவர்களை விரட்டியே அந்தக் கோடு நகர்ந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. அப்படி நகர்ந்த கோட்டை ஒட்டி, கோடரியோடும் துப்பாக்கியோடும் சென்றவர்களுக்குப் பின்னால், ஒரு குதிரையும் ஒரு தோற்பையும் ஒரு வேதப்புத்தகமுமாகச் சிலர் சென்றார்கள். மெதடிஸ்ட் சபையின் குதிரைப் போதகர்கள் அவர்கள். ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கணக்கான மைல் சுற்றுவட்டம் ஒன்று ஒதுக்கப்படும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்கு விதிக்கப்பட்ட ஆண்டு ஊதியம் 80 டாலர். அதுவும் பெரும்பாலும் முழுமையாகக் கைக்கு வாராது. பெருமழை கொட்டும் நாளில், ‘இன்று வெளியே திரிபவை காகங்களும் மெதடிஸ்ட் போதகர்களும்தான்’ என்று அந்நாட்டு மக்கள் வேடிக்கையாகச் சொல்வது வழக்கம்.

அவர்களுள் ஒருவர் பீட்டர் கார்ட்ரைட். 1785-இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் காடுகளைக் கடந்து கென்டக்கிக்கு வந்தார். அவர்கள் குடியேறிய வட்டாரத்திற்கு மக்கள் இட்டிருந்த பெயர் ‘போக்கிரிகளின் புகலிடம்’. சட்டத்திற்குத் தப்பி ஓடியவர்கள் வந்து ஒளியும் இடம் அது! அங்கே வளர்ந்த சிறுவன் வேறெப்படி இருப்பான்? தந்தையே ஒரு பந்தயக் குதிரையையும் ஒரு சீட்டுக்கட்டையும் மகனுக்கு அளித்திருந்தார். தாய் மட்டும் அழுது பிரார்த்தித்துக்கொண்டிருந்தாள். 1801-இல், 16-ஆம் வயதில், சிறுவனின் உள்ளம் திரும்பியது. குதிரையை விற்றுவிடும்படி தந்தையிடம் கூறினான். சீட்டுக்கட்டைத் தாயிடம் கொடுத்தான். அவள் அதை அடுப்புத் தீயில் எறிந்தாள். அடுத்த சில ஆண்டுகளில் பள்ளிப்படிப்பு அதிகமில்லாத அந்த இளைஞன் போதகனாகி ஊர் சுற்றக் கிளம்பிவிட்டான்.

பூசணிக்காய்ப் பயம்

1806-ஆம் ஆண்டு. பேராயர் பிரான்சிஸ் ஆஸ்பரி அந்த இளைஞரை ஒஹையோ நதிக்கரையிலுள்ள மரியெட்டா சுற்றுவட்டத்திற்கு நியமித்தார். கேட்டவுடன் கார்ட்ரைட்டுக்கு உள்ளம் நடுங்கியது. கொள்ளையர்களும் காட்டு விலங்குகளும் அஞ்சவைக்காத அவரை அஞ்சவைத்தது எது தெரியுமா? மரியெட்டாவில் குடியேறியிருந்தவர்கள் வடகிழக்கிலிருந்து வந்த ‘யாங்கி’ மக்கள். அவர் தம் வாழ்நாளில் ஒரு யாங்கியைக்கூடக் கண்டதில்லை. ஆனால் கேள்விப்பட்டிருந்தார்: அவர்கள் பூசணிக்காயையும் வெல்லப்பாகையும் கொழுத்த இறைச்சியையும் தேநீரையும் கொண்டே உயிர் வாழ்பவர்களாம்! உரத்த குரலில் பிரசங்கம் செய்தால் அவர்களுக்குப் பிடிக்காதாம். கற்றறிந்த போதகர்களைக் கூடவே அழைத்து வந்திருக்கிறார்களாம்; காட்டுப்புறத்துப் போதகர்களைக் குறைகூறுவதே அவர்களுக்கு வேலையாம்.

இளைஞர் பேராயரிடம் சென்று, தம்மை வேறிடத்திற்கு மாற்றும்படி மன்றாடினார். முதியவர் அவரைக் கைகளால் அணைத்துக்கொண்டு, ஆண்டவன் பெயரால் புறப்பட்டுப் போகும்படியும், அதுவே அவரை மனிதனாக்கும் என்றும் கூறினார். மனிதனாவதற்கு இதுதான் வழி என்றால் தமக்கு மனிதனாகும் ஆசையே இல்லை என்று தாம் அப்போது எண்ணியதாக, பிற்காலத்தில் கார்ட்ரைட் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கசந்து அழுதார், பிரார்த்தித்தார், புறப்பட்டார்.

அன்பர்களே, இங்கே சற்று நில்லுங்கள். அந்த இளைஞரின் அச்சம் பேதைமை. மனிதர்களைப் பார்க்காமல், அவர்களைப் பற்றிய வதந்தியைப் பார்த்தார். நாம் மட்டும் என்ன? அடுத்த மாநிலத்தாரைப் பற்றி, அடுத்த தெருவில் வாழ்பவரைப் பற்றி, நம்மிடமும் பூசணிக்காய்க் கதைகள் இல்லையா? ஆனால் அழுதுகொண்டேனும் புறப்பட்டாரே, அது குழந்தையுள்ளம். பெரியவர் ஒருவர் போ என்றார், பிள்ளை போனான். அச்சம் நீங்கிய பின் செல்வேன் என்று அவர் காத்திருக்கவில்லை.

கந்தக வாசனை

மரியெட்டாவில் பல்வேறு கொள்கையினர் இருந்தனர். தமக்கு நேரடியாகத் தெய்வக்காட்சி கிட்டுவதாகவும், தேவதூதர்கள் தம்முடன் உரையாடுவதாகவும் கூறிக்கொண்ட சார்ஜென்ட் என்பவரும் அவர்களிடையே இருந்தார். கார்ட்ரைட் நடத்திய வழிபாட்டுக் கூட்டத்திற்கு அவர் வந்து, தாமும் பிரசங்கிக்க வேண்டும் என்றார். அனுமதி கிடைக்கவில்லை. நள்ளிரவில், சற்றுத் தொலைவிலிருந்த ஒரு மர அடிக்கட்டையருகே திடீரென்று ஒளி பளிச்சிட்டது. மக்கள் ஓடிப் பார்த்தனர். சார்ஜென்ட் தரையில் வீழ்ந்து கிடந்தார்! இறைவன் ஒளிவடிவில் இறங்கி வந்ததாகவும், அந்த ஒளியின் ஆற்றலால் தாம் வீழ்ந்ததாகவும் கூறினார். கூட்டம் மெய்ம்மறந்தது.

கார்ட்ரைட் அந்த அடிக்கட்டையின் அருகே சென்று குனிந்தார். அதன்மேல் வெடிமருந்து எரிந்த தடம் இருந்தது. பக்கத்தில் ஒரு சுருட்டு கிடந்தது. திரும்பி வந்து பணிவாக ஒரு கேள்வி கேட்டார்: ஒளியில் தோன்றிய தேவதூதன்மீது கந்தக நாற்றம் வீசியதா? சார்ஜென்ட் சினந்தார். இது என்ன மூடத்தனமான கேள்வி என்றார். உம்மிடம் ஒரு தூதன் பேசியிருந்தால் அவன் நரக நெருப்பிலிருந்துதான் வந்திருக்க வேண்டும், இப்போதும் கந்தகம் மணக்கிறது என்று உரக்கக் கூறிய கார்ட்ரைட், மக்களை அழைத்து அடிக்கட்டையையும் சுருட்டையும் காட்டினார்.

ஆன்மிகத் துறையில் இந்தக் கதை என்றும் பழமையாவதில்லை. அற்புதம் என்று யாரேனும் காட்டினால் சற்றுக் குனிந்து அடிக்கட்டையைப் பாருங்கள். நம்பிக்கை வேறு, ஏமாறுதல் வேறு. உள்ளம் குழந்தையாக இருக்கலாம். மூக்கு விழித்திருக்க வேண்டும்!

அந்தச் சுற்றுவட்டத்தின் ஒவ்வொரு பயணத்திலும் ஒஹையோ நதியை நான்கு முறை கடக்க வேண்டியிருந்தது. வாதிட வந்தவர்களுக்கு விடை சொல்லவேனும் அவர் படிக்க வேண்டியிருந்தது. எந்த ஊரைக் கண்டு அழுதாரோ, அந்த ஊரே தமக்குக் கிடைத்த பள்ளிகளிலெல்லாம் சிறந்த பள்ளி என்று பின்னாளில் நன்றியோடு குறிப்பிட்டார். கற்பிக்கச் சென்றவர் கற்றுக்கொண்டு திரும்பினார். திரும்பிய கோலத்தையும் அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். வீட்டைவிட்டு வந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். வீடு இருந்ததோ 500 மைல் தொலைவில். குதிரை குருடாகிவிட்டது. சேணம் நைந்துவிட்டது. உடையில் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, மூலத்துணி எது என்று கண்டுபிடிப்பதே அரிதாகிவிட்டது. பையில் 75 சென்ட் இருந்தது. அந்த நிலையில் வீடு வந்தார். தந்தை புதிய குதிரை, சேணம், உடை, 40 டாலர் ஆகியவற்றை அளித்தார். மகன் மீண்டும் புறப்பட்டார்.

நடனக் கூடத்தில் பிரார்த்தனை

பின்னொரு சமயம் அவர் மலைப்பாதை வழியே திரும்பிக்கொண்டிருந்தபோது, இரவு தங்க ஒரு விடுதிதான் கிடைத்தது. அங்கே நடனம் நடந்துகொண்டிருந்தது. மூலையில் அமர்ந்து, நாளை இவர்களுக்கு எப்படிப் பிரசங்கம் செய்வது என்று எண்ணிக்கொண்டிருந்தார். அழகிய பெண்ணொருத்தி வந்து வணங்கி, தன்னுடன் நடனமாட வரும்படி அழைத்தாள். போதகர் எழுந்தார், அவளுடன் கூடத்தின் நடுவே வந்தார். எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிடில் வாசிப்பவர் வில்லை எடுத்தார். ‘சற்றுப் பொறுங்கள், முக்கியமான எந்தச் செயலையும் இறைவனின் ஆசியை வேண்டாமல் நான் தொடங்குவதில்லை’ என்று கூறிய போதகர், அந்தப் பெண்ணின் கையை விடாமலே முழந்தாளிட்டுப் பிரார்த்திக்கத் தொடங்கினார்!

பிடில் நின்றது. சிலர் அழுதனர், சிலர் ஓடினர். மறுநாளும் அவர் அங்கேயே தங்கினார். முடிவில் 32 பேர் கொண்ட ஒரு சபை அந்த விடுதியிலேயே உருவாயிற்று. அவர் நடனத்தைப் பழித்து ஒரு சொல்லும் கூறவில்லை என்பதைக் கவனியுங்கள். அழைத்தவளின் கையை உதறவும் இல்லை. அவர்கள் நின்ற இடத்திற்கே சென்று, அங்கிருந்தே இறைவனை நோக்கித் திரும்பினார். வெறுப்பில்லாத உள்ளத்திற்கே இது கைகூடும்.

உளுத்த மரம்

இதுவரை சிரித்தோம். இனி வருவது சிரிக்கக்கூடியதன்று.

1824-இல் கார்ட்ரைட் கென்டக்கியைவிட்டு மேற்கே இலினாய்க்குக் குடும்பத்தோடு புறப்பட்டார். அடிமை முறை நிலவும் மண்ணில் தம் பிள்ளைகள் வளரக்கூடாது என்பது அதற்கு அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. வழியில் ஓரிரவு காட்டில் தங்கினர். கூடாரம் அடிக்கவில்லை. ஒரு மரத்தடியில் சிறு தீ மூட்டிக் குழந்தைகளைப் படுக்கவைத்தனர். விடியும் வேளையில் மரம் முறியும் ஓசை கேட்டது. தந்தை பாய்ந்தெழுந்து, விழுகின்ற மரத்தைத் தம் கைகளால் பற்றினார். பயனில்லை. உறங்கிக்கொண்டிருந்த மூன்றாம் மகளின்மீது மரம் நெடுகக் கிடந்தது. குழந்தையின் மூச்சு அக்கணமே நின்றுவிட்டது.

அந்த மரம் வெளியே உறுதியாகத் தோன்றியது. ஆனால் உறுதி என்பது கத்தியின் முதுகளவு கனம்தான். உள்ளே முழுவதும் உளுத்திருந்தது. எவரும் அதை ஐயுறவில்லை.

எந்தக் கேள்விக்கும் விடை வைத்திருந்த மனிதர் அவர். அன்று விடையில்லை. நல்ல நோக்கத்தோடு சென்றோமே, இறைவனின் பணிக்காகவே வாழ்கிறோமே, எமக்கேன் இது என்று கேட்க அவருக்கு உரிமை இருந்தது. கூடாரம் அடித்திருந்தால் எல்லோருமே அழிந்திருப்போம், இறைவன் எம்மிடம் கருணையோடு இருந்தான் என்று எழுதினார். இந்தச் சொற்களை நாம் எளிதாக எடுத்துப் பிறரிடம் கூறக்கூடாது. மரத்தைப் பற்றிய கைகள் எழுதிய சொற்கள் அவை. துன்பப்படுகிறவன் தானே கண்டடைந்தால் அது சரணாகதி. அருகில் நிற்பவன் அவனுக்கு உபதேசித்தால் அது கொடுமை. அந்தக் குடும்பம் பயணத்தைத் தொடர்ந்தது. இலினாயில் பிளெசன்ட் பிளெய்ன்ஸ் என்ற ஊரை ஒட்டிக் குடியமர்ந்தது.

சாட்சிக் கூண்டு

பேதைமை அத்துடன் முடிந்ததா? இல்லை. புகழ் வளர்ந்தது, கூடவே வேறொரு பேதைமையும் வளர்ந்தது. 1846-இல் கார்ட்ரைட் அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றவர் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து வழக்கறிஞர் ஒருவர். எந்தச் சபையிலும் உறுப்பினரல்லர். அவர் மதத்தை இகழ்பவர் என்ற பேச்சைப் போதகரின் தரப்பினர் ஊரெங்கும் பரப்பினர். தாம் எச்சபையையும் சேராதது உண்மைதான் என்றும், ஆனால் மதத்தை ஒருபோதும் இகழ்ந்ததில்லை என்றும் அந்த வழக்கறிஞர் துண்டறிக்கை அச்சிட வேண்டியதாயிற்று. தேர்தலில் போதகர் தோற்றார். வென்றவரின் பெயர் ஆபிரகாம் லிங்கன்.

13 ஆண்டுகள் கழிந்தன. 1859-இல் கார்ட்ரைட்டின் பேரன் ஒரு கைகலப்பில் மற்றோர் இளைஞனைக் கத்தியால் குத்திவிட்டான். அந்த இளைஞன் இறந்தான். கொலைவழக்கு. பேரனின் தரப்பில் வாதாட வந்தவர் யார்? அதே லிங்கன்! 70 வயதைக் கடந்த போதகர் சாட்சிக் கூண்டில் ஏறினார். இறக்கும் தறுவாயில் அந்த இளைஞன் தம்மிடம் கூறியதைச் சொன்னார்: இதைத் தானே தேடிக்கொண்டதாகவும், தன்னைக் குத்தியவனை மன்னித்துவிட்டதாகவும் அவன் கூறியிருந்தான். பேரன் விடுதலையானான்.

மன்னிப்பைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பிரசங்கம் செய்தவர், மன்னிப்பு என்றால் என்ன என்பதை மரணப்படுக்கையில் கிடந்த ஓர் இளைஞனிடமிருந்து கேட்டுவந்து சொல்ல வேண்டியிருந்தது. தம் தரப்பினர் நம்பிக்கையற்றவர் என்று தூற்றிய மனிதரோ, தம் பேரனைக் காக்க எழுந்து நின்றார். 1872-இல் கார்ட்ரைட் மறைந்தார். மக்கள் நினைவில் நிற்பவை அவருடைய பிடில் கதையும் கந்தகக் கதையும்தான். என் உள்ளத்தில் நிற்பதோ அந்தச் சாட்சிக் கூண்டு. அவர் ஏறிய மேடைகளிலெல்லாம் உயர்ந்த மேடை அதுவே.

நமக்கு என்ன?

அடியேன் இளம் வயதில், கடலோரக் கிராமம் ஒன்றில் புயல் நிவாரணப் பணிக்கு அனுப்பப்பட்டேன். சமையற்கூடத்தில் வேலை. அடுப்பருகே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருத்தி வீட்டை இழந்தவள். அவளுக்கு ஆறுதல் கூற எண்ணி, உடல் நிலையற்றது, பொருள் நிலையற்றது என்று தொடங்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “அப்பா, சோறு அடிப்பிடிக்கிறது, முதலில் அதைக் கிளறு” என்றாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன்; அன்றுதான் அதன் பொருள் விளங்கியது.

முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். பேதைமைக்கும் குழந்தையுள்ளத்திற்கும் என்ன வேறுபாடு? எனக்கு எல்லாம் தெரியும் என்று புறப்படுவது பேதைமை. எனக்குத் தெரியாது, ஆனால் அனுப்புகிறவனுக்குத் தெரியும் என்று புறப்படுவது குழந்தையுள்ளம். புறப்படும்போது இரண்டும் நம்மிடம் கலந்தே இருக்கும். பாலில் கலந்த நீரை அடுப்பு பிரிப்பதுபோல, வழிதான் அவற்றைப் பிரிக்கிறது. சிலருக்குக் குருட்டுக் குதிரை. சிலருக்குச் சரக்கு ரயில் பெட்டி. சிலருக்கு அடிப்பிடித்த சோறு. ஏளனமும் தோல்வியும் பேதைமையை ஆவியாக்கிவிடுகின்றன. மிஞ்சுவது எதுவோ அதுவே இறைவனுக்குப் பயன்படும் பொருள்.

ஆகவே, தகுதி வந்த பிறகு சேவைக்குச் செல்வேன் என்று காத்திருக்கும் அன்பர்களே, காத்திருக்க வேண்டாம். தகுதி வழியில்தான் கிடைக்கும். ஏற்கெனவே சேவையில் இருக்கும் அன்பர்களே, நாம் யாரைத் திருத்தச் செல்கிறோமோ அவர்களிடமிருந்தே நமக்குரிய பாடம் வரும். காதுகளைத் திறந்து வைத்துக்கொள்வோம். நம்மை எதிர்ப்பவரையும், நம் வழியில் வராதவரையும் இறைவனுக்கு அந்நியர் என்று எண்ணாதிருப்போம். நாளை நமக்காக எழுந்து நிற்பவர் அவராகவே இருக்கலாம்.

புறப்படும் துணிவையும், வழியில் கற்கும் பணிவையும், உளுத்த மரம் விழும் இரவிலும் தன் கையை விடாத பற்றையும் எம்பெருமான் நம் அனைவருக்கும் அருள்வானாக!